காபி மேக்கர் வாட்டர் ஃபில்டர்: எந்தக் கோளாறுக்கு எதை வாங்குவது?

காபி மேக்கர் லேசாக மக்கர் செய்தாலும் போதும், தண்ணீர் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டருக்குப் புதுசு ஆர்டர் போட்டுவிடுகிறோம். கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய பாகம் அது ஒன்றுதான் என்பதால் பழியும் அதன் மேல்தான் விழுகிறது. சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீட்டு மெஷின்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: பல நேரங்களில் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஃபில்டரேதான் காரணம் என்றாலும், பழையதற்குப் பதிலாக வந்து சேருவது அந்த வேலையைச் செய்யாத ஃபில்டராக இருக்கிறது.

அதனால் ஆர்டர் போடும் முன் பழைய ஃபில்டரை வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். வீட்டு மெஷின்களில் வருவது பெரும்பாலும் இரண்டே ஜாதி.

துணி மாதிரி மெல்லிய உறைக்குள் கருப்புக் குருணை நிரப்பிய சின்ன வில்லை அல்லது பொட்டலம் என்றால் அது கரி ஃபில்டர். கியூரிக், குசினார்ட் போன்ற கம்பெனிகளின் டிரிப் (காபி சொட்டுச் சொட்டாக இறங்குவது), பாட் (காபித் தூள் அடைத்த சின்னக் குப்பியைப் போடுவது) மெஷின்களில் வருவது இதுதான். தண்ணீரில் இருக்கும் குளோரினையும் வாடையையும் பிடித்துக்கொள்ளும். கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகளைத் தொடாது.

உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் உருளை, டேங்கின் அடியில் அழுத்திப் பொருத்துவது, காய்ந்த நிலையில் குலுக்கினால் மணல் சத்தம் என்றால் அது ரெசின் கார்ட்ரிட்ஜ், அதாவது சுண்ணாம்பு உப்பைப் பிடிக்கும் பிசின் மணிகள் நிரப்பியது. பிரிட்டா இன்டென்சா, யூரா கிளாரிஸ், பிலிப்ஸ் அக்குவாகிளீன் எல்லாம் இந்த வகை. எஸ்பிரெஸோ மெஷின்களில் அதிகம் பார்க்கலாம். இதன் முதல் வேலை, மெஷினுக்குள் வெள்ளைப் படிவு படியாமல் தடுப்பது.

இந்த இரண்டில் உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்தால் கீழே உள்ளதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

ஃபில்டரை மாற்றச் சொல்லி விளக்கு எரிகிறது, காபி நன்றாகத்தான் இருக்கிறது

அந்த விளக்கு தண்ணீரைச் சோதித்துவிட்டு எரிவதில்லை. நாளை எண்ணுகிறது, அல்லது ஓடிய தண்ணீரின் அளவைக் கூட்டிக்கொண்டே வருகிறது, அவ்வளவுதான். கியூரிக் சொல்லும் கணக்கு 2 மாதம் அல்லது டேங்கை 60 முறை நிரப்புவது. குசினார்ட்டும் 60 நாள் அல்லது 60 முறை என்றே சொல்கிறது. பிரிட்டா இன்டென்சாவுக்கு 2 மாதம், சுமார் 50 லிட்டர்.

"நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு கப் தானே போடுகிறோம், ஆறு மாதம் ஓட்டலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. கரியின் சக்தி தீராமல் இருக்கலாம். ஆனால் ஈரமாகவே கிடக்கும் கரியில் நாளடைவில் பாக்டீரியா குடியேறி வழுவழுப்பு கட்டும். குளோரினை அது பிடித்துக்கொண்ட பிறகு, கிருமியைத் தடுக்க அந்தத் தண்ணீரில் வேறு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனால் குறைவாகப் புழங்கும் வீட்டில் லிட்டர் கணக்கை விட்டுவிட்டு மாதக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிறையக் காபி போடும் வீட்டில் லிட்டர் கணக்கு முதலில் வந்து நிற்கும்.

புதுசு போட்ட பிறகும் விளக்கு அணையவில்லை

ஃபில்டர் மாறியது பெரும்பாலான மெஷின்களுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், அல்லது மெனுவுக்குள் போய் 'ஃபில்டர் மாற்றியாயிற்று' என்று உறுதி செய்ய வேண்டியிருக்கும். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் வேறு. மேனுவல் தொலைந்திருந்தால் மாடல் நம்பரைப் போட்டுத் தேடினால் கம்பெனியின் தளத்திலேயே கிடைத்துவிடும்.

சில ஃபில்டர்களில் சிப் உண்டு. யூராவின் கிளாரிஸ் ஸ்மார்ட் அப்படிப்பட்டது. உள்ளே வைத்ததும் மெஷின் தானாக அடையாளம் கண்டுகொள்ளும். அந்த மெஷினுக்குச் சிப் இல்லாத வேறு தயாரிப்பை வாங்கினால் அளவு பொருந்தும், தண்ணீரும் ஓடும், மெஷின் மட்டும் ஃபில்டர் இருப்பதையே ஒத்துக்கொள்ளாது. ஃபில்டர் இல்லை என்ற கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்து, டீஸ்கேலிங் (உள்ளே படிந்த வெள்ளைப் படிவை அமிலம் ஊற்றிக் கரைப்பது) செய்யச் சொல்லிச் சீக்கிரமே கேட்க ஆரம்பிக்கும். சிப் உள்ள மாடல் என்றால் அட்டைப்பெட்டியில் சிப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காபியில் ப்ளீச்சிங் பவுடர் வாடை

முதலில் மூக்குச் சோதனை. ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் காபித் தூள் போடாமல் மெஷினை ஓட்டிப் பிடித்த தண்ணீர். இரண்டும் ஒரே சூட்டுக்கு ஆறியபின் முகர்ந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே வாடை என்றால் கரி தீர்ந்துவிட்டது, புதுசு வாங்கலாம். குழாய்த் தண்ணீர் சுத்தமாக இருந்து மெஷின் தண்ணீர் மட்டும் நாறினால் டேங்க்கோ உள் குழாயோ அழுக்கு. எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் போகாது. அதற்குக் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு: என்எஸ்எஃப் 42. குளோரின், சுவை, வாடை ஆகியவற்றைக் குறைப்பதற்கான தரச்சான்று அது. ஈயம் போன்ற உடலுக்குக் கெடுதலான பொருள்களைக் குறைப்பதற்கு என்எஸ்எஃப் 53 என்று தனியாக இருக்கிறது. காபி மேக்கரின் சின்னக் கரி வில்லையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. குடிக்கத் தகுதியில்லாத தண்ணீரை இந்த ஃபில்டர் குடிதண்ணீராக்காது என்று அதன் பெட்டியிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

சில ஊர்க் குழாய்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலப்பார்கள். குளோரின் என்றால் பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்தாலே பெரும்பாலும் பறந்துவிடும். குளோரமைன் அத்தனை சுலபத்தில் போகாது, சாதாரண கரிக்கும் அதைப் பிடிப்பது சிரமம். புது ஃபில்டர் போட்டும் வாடை இருக்கிறது, ராத்திரி முழுக்க வைத்த தண்ணீரிலும் அதே வாடை என்றால் சந்தேகம் இதன் மேல் விழ வேண்டும். அப்போது இன்னொரு வில்லை வாங்கிப் பயனில்லை. குழாயில் பெரிய ஃபில்டர் போடுவதுதான் வழி.

மெதுவாக இறங்குகிறது, சத்தம் கூடிவிட்டது, காபி சூடாகவே இல்லை

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்வதில் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். சூடேறியதும் அது சிதைந்து, சுண்ணாம்பாக மாறி, ஹீட்டர் சுவரிலும் மெல்லிய குழாய்களிலும் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு சூட்டைச் சரியாகக் கடத்தாது. ஹீட்டர் கொதிக்கும், தண்ணீருக்குச் சூடு சேராது. காபிக்கு 90 முதல் 96 டிகிரி வரை சூடு வேண்டும். அது குறைந்தால் காபி வெளிறிப்போய் இறங்கும். குழாய் குறுகுவதால் மெஷின் முக்கிமுனகும்.

இந்த நிலையில் புது ஃபில்டர் போட்டால் ஒன்றும் ஆகாது. கரி வில்லைக்கு இதில் வேலையே இல்லை. ரெசின் கார்ட்ரிட்ஜ்கூட இனி வரும் தண்ணீரிலிருந்துதான் கால்சியத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே படிந்ததைக் கரைக்காது. எனவே முதலில் டீஸ்கேலிங், அப்புறம்தான் ஃபில்டர். அக்குவாகிளீன் மேனுவலே இதை நிபந்தனையாகச் சொல்கிறது. படிவு இல்லாத மெஷினில் மாட்டி, கேட்கும்போதெல்லாம் மாற்றி வந்தால் 8 ஃபில்டரில் 5000 கப் வரை டீஸ்கேலிங் தேவையில்லை என்பது அந்தக் கம்பெனியின் கணக்கு.

டீஸ்கேலிங் செய்யும்போது ஃபில்டரை வெளியே எடுத்துவிடுங்கள். அமிலம் பட்டால் கார்ட்ரிட்ஜ் வீணாகும். அதில் தங்கிய அமிலம் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் காபியில் இறங்கும். எந்தத் திரவம் ஊற்றுவது என்பதற்கும் மேனுவலைப் பாருங்கள். வினிகரே போதும் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன, கூடவே கூடாது என்று வேறு சில சொல்கின்றன.

ரெசின் ஃபில்டர் உங்களுக்குத் தேவையா என்று தெரிய ஒரு கடினத்தன்மைப் பட்டை போதும். எஸ்பிரெஸோ மெஷின் பெட்டிகள் பலவற்றில் ஒன்று கூடவே வரும். பலர் அதைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டிருப்பார்கள். தண்ணீரில் ஒரு விநாடி நனைத்து, நிறம் மாறிய கட்டங்களை எண்ணி, மேனுவலில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்மையான தண்ணீர், 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். மேனுவலில் ஜெர்மன் டிகிரியில் போட்டிருந்தால் 1 டிகிரி என்பது 17.8 மில்லிகிராம். பட்டை இல்லையென்றால் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலின் அடியைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகச் செதில் கட்டியிருந்தால் காபி மேக்கருக்குள்ளும் அதே கதைதான்.

பட்டையில் கிடைத்த எண்ணை மெஷினின் மெனுவிலும் பதிந்துவிடுங்கள். பிரிட்டா இன்டென்சாவில் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஏ, பி, சி என்று ஒரு வளையம் இருக்கும்: மென்மையான தண்ணீருக்கு ஏ, கடினமானதற்கு சி. அதைத் திருப்பாமலே மாட்டிவிட்டு, ஃபில்டர் சரியில்லை என்பவர்கள் நிறையப் பேர்.

புது ஃபில்டர் மாட்டியதிலிருந்து தண்ணீரே வரவில்லை

ஒரு நாள் காலையில் அண்ணி போன் செய்தார். "தம்பி, புதுசு மாத்தினேன். தண்ணியே இறங்கல, டர்ருனு சத்தம் மட்டும் வருது. மெஷின் போயிடுச்சா?"

"ஃபில்டரை ஊற வச்சீங்களா அண்ணி?"

"ஊற வைக்கணுமா? அது என்ன துணியா?"

மெஷின் போகவில்லை. காய்ந்த ஃபில்டருக்குள் காற்று நிரம்பியிருக்கும். தண்ணீரை இழுக்க வேண்டிய பம்ப் அந்தக் காற்றை இழுத்துவிட்டுத் திணறுகிறது. சாயங்காலம் போய், கிண்ணம் நிறையக் குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் கார்ட்ரிட்ஜை அவர் கண் முன்னாலேயே தலைகீழாக முக்கிப் பிடித்தேன். ஓட்டைகளிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் சரம் சரமாக ஏறின. நின்றுவிட்டது போலிருக்கும், லேசாகச் சாய்த்துத் தட்டினால் உள்ளே ஒளிந்திருந்த பெரிய குமிழி ஒன்று 'பொளக்' என்று வரும். குமிழி அடியோடு நின்ற பிறகுதான் மாட்டினேன். இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

கரி வில்லைக்கு இதைவிடச் சுலபம். கியூரிக்குடையதை 5 நிமிடம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் 60 விநாடி அலசச் சொல்கிறார்கள். குசினார்ட்டுடையதற்கு ஊறல் 15 நிமிடம். டெலோங்கி கார்ட்ரிட்ஜின் நடுத் துளையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, பக்கத் துளைகளில் ஒரு நிமிடத்துக்கு மேல் வழியவிட வேண்டும், பிறகு முக்கிக் குமிழி போக்க வேண்டும். ரெசின் வகை எதுவானாலும் மாட்டியதும் அரை லிட்டராவது வெந்நீரை வெறுமனே ஓட்டிக் கொட்டுங்கள்.

இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்போது தண்ணீர் வந்தால் கோளாறு ஃபில்டரில். அப்போதும் வராவிட்டால் ஃபில்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதல் கப்பில் கருப்புத் துகள்

கரித்தூள்தான், கெடுதல் இல்லை. சரியாக அலசவில்லை என்று அர்த்தம். இரண்டு டேங்க் தண்ணீர் ஓடிய பிறகும் வந்துகொண்டே இருந்தால் உறை கிழிந்திருக்கிறது. மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வந்த ஃபில்டர் பொருந்தவில்லை

'காபி மேக்கர் ஃபில்டர்' என்று தேடினால் காகித ஃபில்டர், கம்பி வலை ஃபில்டர், வாட்டர் ஃபில்டர் எல்லாம் கலந்துகட்டி வரும். முதல் இரண்டும் காபித் தூளைத் தாங்குபவை. நமக்கு வேண்டியது 'வாட்டர் ஃபில்டர்' என்று தெளிவாகப் போட்டிருப்பது மட்டும்.

அடுத்தது பிராண்ட் பெயரை மட்டும் வைத்து வாங்குவது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கு வேறு வேறு ஃபில்டர் இருக்கும். யூராவிலேயே கிளாரிஸ் ஒயிட், ப்ளூ, ஸ்மார்ட் என்று பிரிவு உண்டு. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. கியூரிக்கில் வில்லை ஒன்றாக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கைப்பிடியில் உயரம், குட்டை என்று வேறுபாடு இருக்கிறது. எனவே மெஷினைக் காலி செய்து, சாய்த்து, அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலிருந்து முழு மாடல் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். கடைசி எழுத்தையும் விடாமல். பழைய ஃபில்டர் மேலேயே பாக எண் அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. இரண்டையும் செல்போனில் படம் பிடித்து வைத்தால் அடுத்த முறை மெஷினைக் கவிழ்க்க வேண்டியதில்லை.

வேறு கம்பெனி தயாரித்த 'பொருந்தும்' ஃபில்டர்களைப் பற்றி என் கருத்து: கரி வில்லை என்றால் தாராளமாக வாங்கலாம், அதில் ஒரு ரகசியமும் இல்லை. ரெசின் கார்ட்ரிட்ஜில் கொஞ்சம் யோசிப்பேன். ஒரு முறை வாங்கியதில் அடி வளைய ரப்பர் ஒரு நூல் அளவு மெல்லிசாக இருந்தது. பார்த்தால் தெரியாது, உட்கார வைத்தால் 'டக்' என்று பிடிக்காமல் மெத்தென்று நிற்கும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் ரெசினைத் தொடாமலே போய்க்கொண்டிருந்தது. விளக்கு சொன்னபடியெல்லாம் மாற்றியும் மூன்றாவது மாதமே படிவு வந்துவிட்டது. மாட்டும்போது பிடிமானத்தைக் கையால் உணர முடியவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மொத்தமாக வாங்குபவர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சீல் வைத்த உறையில் வருகிறதா என்று பார்க்கவும். கரி காற்றிலிருக்கும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். பிரித்துவிட்டு அலமாரியில் போட்டு வைத்தது, மாட்டுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்திருக்கும்.

டிடிஎஸ் மீட்டரில் எண் குறையவே இல்லை

கரி வில்லை போட்டு அளந்தால் குறையாது, குறையவும் கூடாது. அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பை மொத்தமாக, மின்கடத்தலை வைத்துக் கணிக்கிறது. குளோரின் வாடை போனதை அதனால் காட்ட முடியாது. போலி ஃபில்டர் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ரெசினைச் சோதிப்பதற்கும் மீட்டரைவிடக் கடினத்தன்மைப் பட்டையே பொருத்தம்.

ஃபில்டர் மாற்றியதும் காபி புளிக்கிறது, அல்லது சப்பென்று இருக்கிறது

ரெசின் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும்போது, காபியின் புளிப்பை மட்டுப்படுத்தும் பைகார்பனேட்டும் பல கார்ட்ரிட்ஜ்களில் சேர்ந்தே குறைகிறது. புதுசாக மாட்டிய முதல் வாரம் இது தூக்கலாகத் தெரியும், பிறகு தணியும். தணியவில்லை என்றால் உங்கள் தண்ணீர் ஏற்கெனவே மென்மையானது. ஏ, பி, சி வளையம் இருந்தால் குறைத்து வையுங்கள், அல்லது கரி மட்டும் உள்ளதற்கு மாறுங்கள்.

ஆர்ஓ தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு எந்த ஃபில்டரும் வேண்டாம் என்பேன். குளோரினும் இல்லை, கால்சியமும் இல்லை, எதைப் பிடிக்க? காபி சப்பென்று இருப்பதற்கு அந்தத் தண்ணீரேகூடக் காரணமாக இருக்கலாம். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷனின் பழைய நீர்த் தர அளவில் டிடிஎஸ் 75 முதல் 250 வரை, குறி 150 என்று வைத்திருந்தார்கள். சுவை இறங்கக் கொஞ்சம் தாது உப்பு தண்ணீரில் இருந்தாக வேண்டும். ஃபில்டருக்குச் செலவழிப்பதை விட்டு ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்து பாருங்கள், அதுவும் குடிக்கத் தகுந்ததாக இருந்தால்.

டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் 'தண்ணீர் ஊற்று' என்கிறது

ஃபில்டர் மாற்றும்போது மிதவை இடறியிருக்கும். பல டேங்குகளில் காந்தம் வைத்த சின்ன மிதவை ஒன்று மேலும் கீழும் போய்வரும். ஃபில்டரைப் பிடிக்கும் கைப்பிடி சாய்வாக உட்கார்ந்தால் அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். எடுத்துவிட்டு நேராக வையுங்கள். மிதவை இல்லாமல், தண்ணீரின் மின்கடத்தலை வைத்துக் கண்டுபிடிக்கும் மெஷின்களும் உண்டு. அவற்றுக்குச் சுத்தமான ஆர்ஓ தண்ணீர் கண்ணிலேயே படாது.

டேங்கில் பாசி வாடை, ஃபில்டர் தொட்டால் வழுக்குகிறது

அந்த ஃபில்டரைக் கழுவிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். டேங்க்கைச் சோப்பு போட்டு, மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, காயவிடுங்கள். ஃபில்டர் இல்லாமல் இரண்டு டேங்க் வெந்நீர் ஓட்டுங்கள். அதன் பிறகு புதியதை மாட்டுங்கள். மாட்டும்போது அதன் தலையிலிருக்கும் மாத வளையத்தைத் திருப்பிவிடுங்கள். வளையம் இல்லாவிட்டால் அழியாத மார்க்கரால் தேதி எழுதுங்கள். சில வாரம் வெளியூர் போவதாக இருந்தால் டேங்க்கைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். ஃபில்டர் பாதி ஆயுளைத் தாண்டியிருந்தால், திரும்பி வந்ததும் அதற்காக யோசிக்காமல் புதுசு போடுங்கள்.